ஒரே தாளுக்கு இரண்டு பூமி

மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா தெருத் துணிக்கடையில் புடவை எடுக்க வந்த சாரதாம்பாள், புடவையை விட்டுவிட்டு மேசையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று இடத்தில் தட்டியவள் நான்காவது இடத்தில் நின்றுவிடுகிறாள். "அண்ணே, இங்க உள்ளுக்குள்ள பொக்கையா இருக்கு. கரையான் பூந்திருக்கும், பாருங்க." கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போகிறது. நாலு பேர் இருக்கும் வியாபார நேரத்தில் இதையா சொல்வது? அவளுக்கு அதெல்லாம் தோன்றாது. மூடிக் கிடப்பது எதுவானாலும் உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

வயது இருபத்தாறு. காஜா பேராங்கில் வாடகை அறை. பண்டார் ஹிலிரில் ஒரு நில ஆய்வு அலுவலகத்தில் தற்காலிகக் கிராணி, குமாஸ்தா வேலை. நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்தான் ஆகிறது. அலுவலகத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது ராஜரத்தினம்.

ஆய்வு செய்யும் நிலத்தில் அலுவலக ஆட்கள் குழி தோண்டிச் சின்னதாக வெடி வைப்பார்கள். அதிர்வு மண்ணுக்குள் ஓடி, வரிசையாகப் பதித்த கருவிகளுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பது நீளத் தாளில் நெளிநெளியாகப் பதிவாகும். அந்தத் தாள் அவள் மேசைக்கு வரும். காச்சாங் பூத்தே கடலை கொறித்தபடி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு நெளிவும் தொடங்கும் இடத்தைக் குறிப்பாள். வேடிக்கை அதற்குப் பிறகுதான். இத்தனை அடியில் களிமண், இத்தனை அடியில் கல் என்று தானே ஊகித்து ஒரு பூமியை வரைவாள். அந்தப் பூமியில் அலை எப்போது வந்திருக்கும் என்று கணக்குப் போடுவாள். தாளோடு ஒட்டவில்லையென்றால் ரப்பரை எடுத்துப் பூமியை அழித்துவிட்டு வேறொன்று வரைவாள். ஒட்டும்வரை விடமாட்டாள்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் கட்டப்போகும் தண்ணீர்த் தொட்டிக்கு, "எட்டடியில் கல்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். தொட்டியின் பாரம் முழுவதும் அந்தக் கல்லின் மேல்தான் உட்காரப்போகிறது. கணக்கு அச்சாக ஒட்டியிருந்தது. அதை வைத்தே அவள் வேலையை நிரந்தரமாக்கப்போவதாகப் பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டு நாகம்மா கிணற்றை ஆழப்படுத்தினாள். பல தலைமுறையாக மலாய் பேசிவரும் மலாக்காச் செட்டிக் குடும்பம் அவளுடையது. ஆட்கள் செம்பாறையை உடைத்து முடித்தார்கள். கீழே வெண்ணெய் மாதிரி வெள்ளைக் களிமண் வந்தது. வேலியோரம் நின்ற சாரதாம்பாள் அதில் ஒரு பிடி வாங்கிப் பிசைந்து பார்த்தாள். "அப்பா பாசால்?" என்று கேட்டாள் நாகம்மா, என்ன விஷயம் என்று.

அலை கெட்டியான கல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிடும். கல்லுக்கு அடியில் மெத்தென்று என்ன கிடந்தாலும் தாளில் விழாது. பத்து பெரெண்டாமிலும் இப்படியே இருந்தால்? திங்கட்கிழமை அவள் இன்னொரு பூமி வரைந்தாள்: எட்டடியில் கல், கல்லுக்குக் கீழே களிமண். கணக்கு இதற்கும் அச்சாக ஒட்டியது. பயந்துதான் போனாள். ஆனால் ஒரே தாளுக்கு இரண்டு பூமியா என்ற ஆச்சரியம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ராஜரத்தினம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எதும்மா சரி?"

"தெரியாது சார். தொளை போட்டுப் பாத்தாத்தான் தெரியும். கல்லோட நிக்காம அதையும் தாண்டிப் போடணும்."

"மிசின் ஈப்போவுல கெடக்கு, வர ரெண்டு மாசம் ஆவும். துரை போனதும் இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு நம்மளப் பேசுவாங்க லா." குரலைத் தாழ்த்தினார். "ஒன்னோட நிரந்தரக் கடுதாசி நாளைக்கு மேலிடத்துக்குப் போவுது. இந்த ரெண்டாவது படத்துல கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லாதது ஃபைல்ல ஏறாது. நான் பாக்கவே இல்லன்னு வச்சிக்கிறேன்."

படத்தை அவள் பக்கம் தள்ளினார். நல்ல மனிதர், அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார்.

சாரதாம்பாள் பேனா மூடியைக் கழற்றினாள். இரண்டாவது பூமிக்கு அடியிலும் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காய ஊதிவிட்டு, அவர் கையிலேயே கொடுத்தாள்.