மலையில் காய்ந்த கடுக்காயும் லண்டனில் ஏறிய பவுண்டும்

1

பேங்கிலிருந்து வந்த டெபிட் அட்வைஸை மூன்று முறை படித்தேன். எங்கள் கம்பெனிக் கணக்கிலிருந்து இருபதாயிரம் ரூபாயும் சில்லறையும் கழித்திருந்தார்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது: பார்வர்டு கான்ட்ராக்ட் கேன்சல். அப்போது என் மாதச் சம்பளம் முந்நூற்றைம்பது. இருபதாயிரம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து வருடச் சம்பளம். அந்த கான்ட்ராக்ட் பாரத்தை டைப் அடித்தவள் நான். அதில் தேதி போட்டதும் நானே.

எண்பதுகளின் நடுவில் ஆலங்காயத்தில் நடந்தது இது. தணிகாசலம் என்பவரின் கடுக்காய் மண்டியில் நான் ஷிப்பிங் கிளார்க். பதவிப் பெயர்தான் பெரிது. டைப் அடிப்பது, மூட்டை எண்ணுவது, துறைமுக ஏஜென்டுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பது எல்லாம் என் தலையில்தான். ஜவ்வாது மலையில் பொறுக்கிக் காயவைத்த கடுக்காயை வாங்கி, தரம் பிரித்து, இங்கிலாந்தில் ஒரு தோல் பதனிடும் கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்கள் பவுண்டில் பணம் தருவார்கள், நாங்கள் மலைக்காரர்களுக்கு ரூபாயில் தருவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடியது எங்கள் பிழைப்பு.

2

அந்த வருடத் தொடக்கத்தில் பவுண்ட் சரிந்துகொண்டே போனது. பவுண்டின் விலையை ஒரு ஆள் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. லண்டனிலும் மற்ற பெரிய ஊர்களிலும் பேங்குகள் ஒன்றிடம் ஒன்று டெலிபோனில் வாங்கி விற்கும்போது அது ஏறும், இறங்கும். அங்கே ஆட்டம் கண்டால் மறுநாள் வாணியம்பாடி பேங்கில் எங்களுக்குக் கிடைக்கும் ரேட் மாறியிருக்கும். எங்கள் ஆர்டர் எட்டாயிரம் பவுண்ட். பவுண்ட் பதினைந்து ரூபாய்க்கு மேல் இருந்தபோது ஒப்புக்கொண்ட விலை அது. இப்போது பதினாலு. ஒரு ரூபாய் இறங்கினால் எட்டாயிரம் போச்சு. அந்த ஆர்டரில் முதலாளி எதிர்பார்த்த மொத்த லாபமே பன்னிரண்டாயிரம்தான்.

பேங்க் மேனேஜர் ஒரு வழி சொன்னார். ஜூன் மாதத்தில் வரப்போகிற எட்டாயிரம் பவுண்டை இன்றைக்கே பதினாலு ரூபாய்க்கு விற்றுவிடுவதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெயர்தான் பார்வர்டு. அப்புறம் லண்டனில் என்ன நடந்தாலும் நமக்குப் பதினாலு நிச்சயம்.

"விழுந்தாலும் உங்களுக்குப் பதினாலு, ஏறினாலும் பதினாலு. அதுக்கு மேல ஆசைப்படக் கூடாதுங்க" என்றார்.

முதலாளிக்கு முகம் தெளிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், இது இன்சூரன்ஸ் மாதிரிதான் என்று சொன்னார். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன். பவுண்ட் வராமலே போனால் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாரத்தின் பின்பக்கத்தில் அது பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. நான் முன்பக்கத்தில் டைப் அடித்ததோடு சரி.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவர் பழகியது மலை வியாபாரம். மலையில் வாக்குக் கொடுத்தால் விலை மாறாது, மூட்டை குறையாது. தேதி மட்டும் தள்ளும். மழை பெய்தால் தள்ளும், சாவு விழுந்தால் தள்ளும், திருவிழா வந்தால் தள்ளும். கீழே இருக்கிற வியாபாரி முணுமுணுக்காமல் காத்திருப்பான். உலகத்தில் எல்லா ஒப்பந்தமும் இப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

3

மே மாதத்துக்குள் பாதிச் சரக்கு குடோனுக்கு வந்துவிட்டது. மீதிப் பாதி மலையில் காய்ந்துகொண்டிருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கடுக்காயை மறுபடியும் காயவைத்து முடிப்பதற்குள் அந்த மலை ஊரில் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள். காப்பு கட்டினால், அதை அவிழ்க்கும் வரை விளைச்சல் எதுவும் எல்லையைத் தாண்டாது. அந்த ஊர் வழக்கம் அது. பணத்துக்கு உத்தரவாதமாக இங்கிலாந்து பேங்க் எங்களுக்குக் கொடுத்திருந்த எல்.சி.யிலோ மொத்தச் சரக்கும் ஒரே கப்பலில், ஜூனுக்குள் போக வேண்டும் என்று போட்டிருந்தது. பாதியை மட்டும் அனுப்ப வழியில்லை.

முதலாளியும் நானும் மலைமேல் காவலூர் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தோம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் பொன்னன் எங்களை உட்காரவைத்துக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். பிறகு மூட்டைகளைக் காட்டினார். காய்ந்து, தைத்து, அடுக்கி எல்லாம் தயாராக இருந்தன. கண்ணுக்கு முன்னால் சரக்கு இருக்கிறது, தொட முடியாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மூட்டை எங்கயும் போவாதுங்க. காப்பு அவுத்த மறுநாளே எறக்கிட்றோம். எத்தினி வருசமா பாக்கறீங்க?" என்றார் பொன்னன்.

"எனக்குத் தெரியும் பொன்னா. பேங்க்காரங்களுக்குத் தேதி குடுத்துட்டேனே" என்றார் முதலாளி.

"தேதி குடுக்கறப்போ எங்கள ஒரு வார்த்த கேக்கலியேங்க."

பொன்னன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்களும் நாலு வார்த்தை பேசியிருப்போம். கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தோம்.

வாணியம்பாடியில் தெரிந்த தோல் வியாபாரி ஒருவரின் ஆபீசிலிருந்து இங்கிலாந்துக்கு டெலக்ஸ் அடித்து, பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. அவகாசம் தர முடியாது, வேறு இடத்தில் வாங்கிக்கொண்டோம். ஆர்டர் போய்விட்டது. அதுதான் அந்த வருடத்தின் பெரிய அடி என்று நினைத்தேன்.

4

டெபிட் அட்வைஸ் அதற்குப் பிறகு வந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவரும் பேங்குக்கு ஓடினோம். இதற்குள் பவுண்ட் திரும்பி ஏறிப் பதினாறரைக்கு வந்திருந்தது. பவுண்ட் வரவில்லை, அதனால் கான்ட்ராக்ட்டும் இல்லை என்பது முதலாளியின் கணக்கு. மேனேஜர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் விற்பதாகச் சொன்ன பவுண்டை அவர்களுடைய பம்பாய் ஆபீஸ் அன்றைக்கே இன்னொருவருக்கு விற்றுவிட்டது. வெளிநாட்டில் சாமான் வாங்கும் யாரோ ஒருவருக்கு. அவருக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். நாங்கள் கொண்டுவராததால் பேங்க் பதினாறரைக்கு வாங்கிக் கொடுத்தது. பதினாலுக்கும் பதினாறரைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை ரூபாய். எட்டாயிரத்தால் பெருக்கினால் இருபதாயிரம். சில்லறை, பேங்க் சார்ஜ்.

"நா ஒரு பவுண்ட கூட கண்ணால பாக்கல சார். பாக்காத பணத்துக்கு எப்டி சார் நஷ்டம்?" என்று முதலாளி கேட்டார்.

"நீங்க பார்க்கலீங்க. ஆனா வித்துட்டீங்க" என்றார் மேனேஜர்.

யாராவது ஏமாற்றியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். மலைக்காரர்கள் ஏமாற்றவில்லை, பேங்கும் ஏமாற்றவில்லை. இங்கிலாந்துக்காரன்கூட எல்.சி.யில் எழுதியபடிதான் நடந்துகொண்டான். நஷ்டத்துக்குப் பயந்து போட்ட வேலியே எங்கள் வயலை மேய்ந்துவிட்டது. அந்த வேலியை நட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்பதுதான் தாங்க முடியவில்லை.

5

மண்டியை மூடிவிடுவார், எனக்கும் வேலை போய்விடும் என்றுதான் இருந்தேன். முதலாளி மண்டியை மூடவில்லை. லாரியை விற்றார். அவரிடம் இருந்தது அந்த ஒரு லாரிதான்.

காப்பு அவிழ்த்த மறுநாள் மலையிலிருந்து மீதி மூட்டைகள் வாடகை லாரியில் வந்து இறங்கின. சீட்டை வைத்துக்கொண்டு நான் எண்ணினேன். ஒரு மூட்டை குறையவில்லை, ஒன்றில்கூட ஈரம் இல்லை. அந்தச் சரக்கை இனி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் குறைந்த விலைக்குத்தான் தள்ள வேண்டும். மலைக்காரர்களுக்குக் கொடுக்கும் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று முதலாளியிடம் மெல்லச் சொன்னேன்.

"அவங்க சொன்னது மொத்தமும் வந்துடிச்சேம்மா. பின்ன இன்னாத்துக்குக் கொறைக்கறது?" என்றார்.

பேசிய விலையை அப்படியே கொடுத்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பின்னாளில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து, அந்நியச் செலாவணி வேலையை முழுக்கப் பார்த்து ஓய்வு பெற்றேன். டாலர் ஏறுமா இறங்குமா என்று என்னிடம் ஜோசியம் கேட்காத ஆபீசர் இல்லை. எனக்குத் தெரியாது என்றே எல்லோரிடமும் சொன்னேன். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: சரக்கு கையில் எவ்வளவு இருக்கிறது? அந்த அளவுக்குத்தான் பார்வர்டு போடுவேன். மீதிக்கு, சரக்கு தருகிறவனை நேரில் பார்த்து, எந்தத் தேதியில் தர முடியும் என்று கேட்ட பிறகே பாரத்தைத் தொடுவேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

கெட்டிக்காரி என்று அதற்காக என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். நான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள லாரியை விற்றவர் தணிகாசலம். அதைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.