சாவி யார் வீட்டுப் பிள்ளை?

என் மேசையில் ஒரு பழைய அலமாரிச் சாவி கிடக்கிறது. அலமாரி இல்லை. பினாங்கில் நான் வேலை பார்த்த மரச்சாமான் கடையை மூடியபோது அதை விற்றுவிட்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கடையில் எனக்கு எதிர் மேசை கிராணியுடையது. எழுத்து வேலை பார்ப்பவரை இங்கே அப்படித்தான் அழைப்போம். சீன வீட்டில் பிறந்து, கைக்குழந்தையாகவே நிபோங் திபாலில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்து வந்தவர். முகம் சீனம், வாயைத் திறந்தால் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ். அவரிடம் மலாயில் விலை கேட்ட ஒரு பெண், "இந்த ஆளு நல்லா ஏமாத்துறான்லா" என்று தன் கணவரிடம் தமிழில் முணுமுணுத்தார். "ஏமாத்தல தங்கச்சி, தேக்கு அது" என்றார் கிராணி. அந்தப் பெண் பேரம் பேசாமலே வாங்கிப்போனார்.

மத்தியானத் தேநீர் வந்ததும் ஒரு விளையாட்டு. ஏதாவது பொருளைத் தொட்டு, "இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார். சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். கட்டிலும் கடையும் நம்மிடமிருந்து மலாய்க்குப் போனவை. "பெத்தது எங்கயோ இருக்கட்டும் தம்பி. எந்த வீட்டுல கூப்பிட்டா திரும்பிப் பாக்குதோ, அதான் அதோட வீடு" என்பார்.

ஒருநாள் கடை நிறைய ஆட்கள். கூட்டத்தைக் கண்டால் என் வாய் நிற்காது.

"அண்ணே, அப்ப நீங்க யாரு வீட்டுப் பிள்ளை? நீங்களே இரவல் சொல்லுதானேலா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகும் நன்றாகத்தான் பேசினார். எந்தப் பொருளையும் தொட்டு மட்டும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் வாயில் வேறொரு நகைச்சுவைதான் வந்து நின்றது. அப்படியே அவர் ஓய்வு பெற்றார். மறு வருடம் நிபோங் திபாலில் அவர் தம்பிகள் "அண்ணே, அண்ணே" என்று சவப்பெட்டியைப் பிடித்துக் கதறியபோது, நான் பந்தலின் கடைசியில் நின்றேன்.

இப்போது கெலுகோர் வீட்டில் நான் தனி ஆள். தேநீர் கலக்கி, சாவியைத் தொட்டு, நானே கேட்டுக்கொள்கிறேன். "நம்ம வீட்டுப் பிள்ளை, அண்ணே" என்று நானே பதிலும் சொல்கிறேன்.

அன்று கடையில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.