ஜீப்பில் அம்மாவுக்கு இடமில்லாத காலை

எங்கள் அப்பா கர்த்தரிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மகளாக அவரைப் பற்றி அழாமல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. உறவுகளே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த அப்பா, சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். லாரி கழுவி, ஓட்டப் பழகி, சாந்தன்பாறையில் சொந்தமாக ஒரு டாக்சி ஜீப் வாங்கினார். ஏலக்காய் பறிக்கும் பெண்களைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவதுதான் தொழில்.

எங்கள் பக்கத்து ஜீப்புகளில் ஆட்களை அடைத்து ஏற்றுவது வழக்கம். அப்படிப் போன வேறொருவர் வண்டி கவிழ்ந்தபோது, அதிக ஆள் ஏற்றியதைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் இழப்பீட்டை இழுத்தடித்தார்கள். அடிபட்ட பெண்கள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்ததைப் பார்த்த அப்பா, சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். தன் வண்டிப் பெண்களுக்கு விளக்கமும் சொல்வார்.

“நம்ம வண்டியால அடுத்தவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா, அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்த இன்சூரன்ஸ். ரோட்டுல போறவுகளுக்கு ஒரு காப்பு, உள்ள இருக்கிற உங்களுக்கு ஒண்ணு, ஓட்டுற எனக்குத் தனியா ஒண்ணு. சீட்டுக்கு மேல ஏத்துனா உங்களுக்குத்தான் சிக்கல்.”

“மடியில உக்காந்துக்கிறேண்ணே” என்று கெஞ்சினாலும் மசியமாட்டார். ஸ்டாண்டில் அவருக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயரே உண்டு.

அந்தக் கடைசி நாள் காலை நல்ல மழை. அதே தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மா முன்சீட்டில் இருந்தார். ஜீப் நிறைந்த பிறகு, கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, தினமும் அப்பா வண்டியில் போகும் சரசு அக்கா ஓடிவந்தார்.

“மேரி, நீ எறங்கு. அந்தப் பிள்ள வரட்டும். நீ பஸ்ல வந்துரு.”

“பொண்டாட்டின்னா எறக்கிவிட்டுறலாம்ல?” அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இறங்கி, மழையில் பஸ்ஸுக்காக நின்றார்.

போகும் வழியில் ஒரு வளைவில் சாலையோரம் சரிந்து ஜீப் பள்ளத்தில் உருண்டது. பெண்கள் அனைவரும் காயங்களோடு பிழைத்தார்கள். அப்பா பிழைக்கவில்லை. பெண்களுக்குரிய இழப்பீட்டில் எந்தத் தடையும் வரவில்லை. அப்பாவுக்கான காப்புத் தொகையும் அம்மா கைக்கு வந்தது. அதைத் தொட அம்மாவுக்கு இன்னும் மனமில்லை.

பள்ளத்தில் இறங்கி மீட்ட தோட்டத்து மக்களுக்கும், ஸ்டாண்டு நண்பர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கால் முறிந்த வலியிலும் அப்பாவின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்த சரசு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வேன்? கட்டுப் பிரித்ததும் அவர் அம்மாவைப் பார்க்க வந்தார்.

“கடைசியா ஏதும் சொன்னாராட்டி?” என்று அம்மா கேட்டார்.

“பஸ்ஸு வந்துருச்சா, பஸ்ஸு வந்துருச்சான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தாக, மதினி.”