துர்க்கை சன்னிதியில் வெள்ளை வட்டங்கள்

எங்கள் வரிசை வீடுகளில் யார் வீட்டில் குழம்பு புளித்தாலும் தாமரையிடம்தான் போய் நிற்போம். மலேசியாவில், எங்கள் கிள்ளானில், ஓர் இடைநிலைப்பள்ளியில் அவள் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் வருவதற்கு முன்னால் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, அமிலத்தை நீர்க்கக் கரைத்து வைப்பது, லிட்மஸ் தாளை நறுக்கி வைப்பது எல்லாம் அவள் வேலை. ஒருநாள் என் மீன்குழம்பில் புளி தூக்கலாகிவிட்டது. "கொஞ்சூண்டு சோடா மாவு போடுங்கக்கா" என்றாள். எனக்குக் கொஞ்சூண்டு என்றால் ஒரு கரண்டி. குழம்பு நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"புளியில இருக்கறது அமிலம், சோடா காரம். ரெண்டும் சேந்தா உப்பு, தண்ணி, அப்புறம் காத்து. அந்தக் காத்துதான்கா பொங்குது" என்று நின்று நிதானமாகப் பாடம் நடத்தினாள். குழம்பு போன எரிச்சலில் நான் கரண்டியைத் தொட்டியில் விட்டெறிந்தேன். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். தாமரை அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை, அடுப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் சிவநேசன் தரைக்கு டைலும் மார்பிளும் பதிக்கிறவர். அதிகம் பேச மாட்டார். எங்கள் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் துர்க்கை சன்னிதியைச் சுற்றி வெள்ளை மார்பிள் பதித்தது அவர்தான். அதுவரை வீடுகளிலும் கடைகளிலும் மட்டுமே வேலை செய்தவருக்கு அது முதல் கோயில். கல்லை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல் கடையில் அவரே தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து எடுத்து வந்தார். பதித்து மெருகேற்றி முடித்த அன்று துர்க்கையின் சிவப்புப் புடவை தரையில் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாம் கும்பிட்ட கையோடு குனிந்து தரையையும் பார்த்தார்கள்.

காப்பாரில் இன்னொரு கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோயில் முழுவதற்கும் தரை பதிக்க ஆள் தேடினார்கள். எங்கள் கோயில் தரையை வந்து பார்த்து, பிடித்திருந்தால் சிவநேசனுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் இனி கோயில் தரை பதிக்கிறவர் என்ற பெயர் நிற்கும். தாமரை உடனே துர்க்கைக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்பது வாரம், ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில், எலுமிச்சை விளக்கு.

நாங்கள் நாலைந்து பெண்களும் அவளோடு சேர்ந்துகொண்டோம். எலுமிச்சையை இரண்டாக வெட்டிச் சாற்றைப் பிழிந்துவிட்டு, தோலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால் சின்னக் கிண்ணம் போல ஆகும். அதில் நெய் ஊற்றித் திரி போட்டுத் தரையில் வைத்து ஏற்றுவோம். சாறு ஒட்டியிருக்கும் பக்கம்தான் தரையில் படும். பழைய தரை வழவழப்பான சிவப்பு டைல். அதன் மேல் எத்தனையோ வருடம் ஏற்றியிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

புதுத் தரையில் வட்டம் விழ ஆரம்பித்தது. பளபளப்பு செத்து, சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். துடைத்தால் போகவில்லை. சிவநேசன் மிஷினைக் கொண்டுவந்து மெருகேற்றிவிட்டுப் போவார், அடுத்த வாரம் வேறு வட்டங்கள் வந்து நிற்கும்.

கோயில் தலைவர் பரமேஸ்வரன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "சிவநேசன், இது ஒரிஜினல் மார்பிள்தானா? நல்ல கல்லு இப்படி வெளுக்குமா?"

சிவநேசன் மறுநாள் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய், பத்து வருடமாகக் கல் வாங்கிக்கொண்டிருந்த சீன முதலாளி தவுக்கேயிடம் போலிக் கல் கொடுத்துவிட்டதாகச் சண்டை போட்டுவிட்டு வந்தார். மனுஷன் வாழ்நாளில் போட்ட ஒரே சண்டை அது. வந்த பிறகு வீட்டிலும் பேச்சு நின்றுபோயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே. கோயில் கல்லிலேயே கை வைத்துவிட்டான் என்று பேசினார்கள். தாமரை இன்னும் பயபக்தியாக, பெரிய எலுமிச்சையாகப் பார்த்து வாங்கி ஏற்றினாள். நானும்தான்.

அந்தச் சமயம் அவள் பள்ளியில் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு சோதனை இருந்தது. மார்பிள் துண்டில் அமிலத்தை ஊற்றினால் காற்று குமிழ் குமிழாக வரும். அதைக் குழாய் வழியாகச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டால் தண்ணீர் பால் போலக் கலங்கும். வருஷா வருஷம் அவள் எடுத்துவைக்கும் சோதனைதான். இந்த முறை ஆய்வகத்தில் கல் தீர்ந்துபோயிருந்தது. வீட்டுப் பின்பக்கம் கோயில் தரைக்கு அறுத்து மிஞ்சிய துண்டு கிடக்க, அதில் பாதியைச் சுத்தியலால் உடைத்து, மீதியையும் சேர்த்து எடுத்துப் போனாள்.

கல் நன்றாகவே பொங்கியது. தண்ணீர் கலங்கியது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு தாமரை மேசையைத் துடைத்தாள். உடைக்காமல் மிஞ்சிய துண்டின் பளபளப்பான முகத்தில் யாரோ ஒரு சொட்டு அமிலத்தைச் சிந்தியிருந்தார்கள். துடைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளை வட்டம்.

நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நல்லம்மாக்கா, கல்லுல தப்பு இல்ல. நல்ல மார்பிள்னாலதான் அமிலம் பட்டா அரிக்குது. எலுமிச்சையும் அமிலம்தானே. நம்ம வெளக்குதான்கா அந்த வட்டம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வாயக் கழுவு. அம்மனுக்கு ஏத்துற வெளக்கு தரையக் கெடுக்குமா? இதப் போயி கோயில்ல சொன்னா பொம்பளைங்க ஒன்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க. பேசாம இரு லா."

"நான் பேசாம இருந்தா அவரு பேரு போயிரும்கா" என்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "எத்தன வருஷமா இந்தக் கல்ல நான் அமிலத்துல போடுறேன். ஒரு நாளாவது தோணிச்சா? அவருக்கு வேல கெடைக்கணும்னு ஏத்தி, அவரு வேலையவே அரிச்சுட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திட்டவும் முடியாமல், தேற்றவும் தெரியாமல் நான் காப்பி போடப் போனேன். வீட்டில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்கிறேன் என்பாள், அவர் முகத்தைப் பார்த்ததும் சோறு போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காப்பார்க்காரர்கள் வந்தார்கள். துர்க்கை முன்னால் நின்று குனிந்து பார்த்தார்கள். ஒருவர் காலால் வட்டத்தைத் தேய்த்துப் பார்த்தார். பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். சிவநேசன் தூணோரம், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர் போல நின்றிருந்தார்.

தாமரை பையிலிருந்து மிச்சக் கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள். எலுமிச்சையை வெட்டி, பிழிந்து, திருப்பி, அதன் மேல் வைத்து விளக்கேற்றினாள். "தலைவரே, இது எரிஞ்சு முடியட்டும். அதுக்கப்புறம் அவரப் பத்தி என்ன வேணாலும் சொல்லுங்க" என்றாள்.

எல்லோரும் நின்றோம். விளக்கு அணைந்ததும் அவள் தோலை எடுத்துக் கல்லைத் துடைத்தாள். பளபளப்புக்கு நடுவே புது வட்டம், ஈரமாக.

"கல்லு நல்ல கல்லு. வட்டம் போட்டது நாங்க. அதுல மொத வட்டம் என்னோடது."

பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. யாரோ "அம்மன் வெளக்கையே குத்தம் சொல்றா" என்று ஆரம்பித்தாள். தாமரையைத் திட்டியவளே நான்தான், ஆனாலும் அடுத்தவள் வாயிலிருந்து கேட்கப் பொறுக்கவில்லை. "வெளக்கக் குத்தம் சொல்லல. அதத் தரையில வச்ச நம்மளச் சொல்றா" என்று ஓர் அதட்டல் போட்டேன். குருக்கள் சிரித்துக்கொண்டே, "அம்மன் தரையில வைக்கச் சொன்னாளா? தாம்பாளத்துல வச்சு ஏத்துங்கம்மா, அவ வேண்டாம்னா சொல்லப் போறா?" என்றார். அதோடு அடங்கியது.

சிவநேசன் தாமரையைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே கொடிமரத்தடிக்குப் போனார். "தவுக்கே, பாத்து பாகுஸ். சாயா சாலா" என்று மலாயில் சொல்வது எங்களுக்குக் கேட்டது. கல் நல்ல கல், தப்பு என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி பெயரை அவர் எடுக்கவில்லை.

காப்பார்க்காரர்கள் வேலையைக் கொடுத்தார்கள், துர்க்கை முன்னால் மட்டும் எலுமிச்சை அரிக்காத கருங்கல் என்ற நிபந்தனையோடு. அந்த வாரமே சிவநேசன் மிஷினோடு வந்து எங்கள் கோயில் தரைக்கு மறுபடி மெருகேற்றினார். தாமரையிடம் இன்னும் சரியாகப் பேச்சு இல்லை. கோபமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தாமரைக்கு ஒன்பதாவது வாரம். பித்தளைத் தாம்பாளத்தோடு போனோம். தரை கண்ணாடி போல இருந்தது. இடது தூணோரம், அவள் எப்போதும் உட்கார்ந்து ஏற்றும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் அப்படியே இருந்தது. சிவநேசன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"என்னா சிவநேசன், இது கண்ணுல படலையா?"

"பட்டுச்சுக்கா" என்றார். "தலைவருகிட்ட கேட்டுத்தான் விட்டேன். எனக்காக வச்ச வெளக்கு. அது ஒன்னு இருக்கட்டும்."

தாமரை தாம்பாளத்தை அந்த வட்டத்தின் மேல் வைக்கப் போனவள், கையைப் பின்னுக்கு இழுத்து, சற்றுத் தள்ளி வைத்து ஏற்றினாள்.