ஒன்பது வால் தைத்த கதை

பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் கராஜில் காருக்கு இடமில்லை. இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, அரங்கேற்றத்துக்குக் காத்திருக்கும் பரத உடுப்புகள் எல்லாம் அங்கேதான். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து சேலைச் சட்டையும் நடன உடுப்பும் தைத்து வருகிறேன். ஒரு நரிக்கும் தைக்க நேரும் என்று நினைத்ததில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில் சீனப் பெண்ணொருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். லிட்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அவளோடு வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளையின் அரங்கேற்ற உடுப்பு நான் தைத்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்து இவளும் என்னை அன்ரி என்றே கூப்பிட்டாள். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பின்னால் ஒன்பது வால் விரிந்து நிற்கும் வெள்ளை நரி.

"இதைத் தைக்க முடியுமா, அன்ரி?"

"எதை? நரியையா?"

"முகமெல்லாம் நானே செய்துவிடுவேன். வால்தான் எனக்கு வராது."

வெட்டுமேசையில் சாய்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். சீனத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு நூல் இருக்கிறதாம். எந்த மலையில் என்ன மிருகம், எந்த ஆற்றில் என்ன மீன் என்று அதில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்களாம். அவளுடைய அம்மா காலத்தில் அதை யாரும் ஆசைப்பட்டுப் படித்ததில்லை. இப்போது கம்ப்யூட்டர் விளையாட்டு, டிவி தொடர், பொம்மை, போன் உறை என்று எங்கே திரும்பினாலும் அந்த மிருகங்கள்தானாம். ஒலிம்பிக் பார்க்கில் வேஷம் போட்டுக்கொண்டு கூடும் பெரிய விழா ஒன்று வருகிறது. அதற்கு அவள் அந்த நரியாகப் போக வேண்டும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது.

ஒத்துக்கொண்டேன். என் கணவர் அடுத்த நாளே நூலகத்தில் அந்த நூலின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை எடுத்து வந்துவிட்டார். இவருக்கு வேலை சாமான் களஞ்சியத்தில், ஷிஃப்ட் முறையில். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் குசினியில் கதிரையைப் போட்டுக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவார்.

"இஞ்ச கேளும், உம்மட நரி குழந்தைப்பிள்ளை மாதிரி அழுமாம். ஆளையும் தின்னுமாம். ஆனா அதை நாங்கள் திண்டால் எங்களுக்கு நஞ்சு ஏறாதாம்."

"நல்ல பிள்ளைதான் வந்திருக்கிறாள்."

"இன்னொரு மிருகத்தைத் திண்டால் பொறாமையே வராதாம். உம்மட தங்கச்சிக்கு ஒண்டு அனுப்புவமே?"

"சும்மா இருங்கோ," என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இல்லாத தைரியத்தில் நானும் சிரித்தேன்.

வால் தைப்பது சிரிக்கிற வேலையாக இருக்கவில்லை. மயிர்த்துணி ஊசியில் சிக்கியது. கராஜ் முழுக்க வெள்ளை மயிர் பறந்து, அரங்கேற்றப் பட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்க வேண்டியிருந்தது. வால்களுக்குத் தலையணைப் பஞ்சை அடைத்து, இவருடைய தச்சுச் சாமான் பெல்ட்டில் பொருத்தி, முதல் தடவை அவளுக்குக் கட்டிப் பார்த்தோம். ஓரடி வைத்தாள். அப்படியே மல்லாக்கப் போய்த் துணி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். எழும்ப முடியவில்லை. இவரும் சேர்ந்து மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அவள் போன பிறகு, விழாவுக்குள் இது சரிவருமா என்று எனக்குப் பயம் வந்தது.

வழி கிடைத்தது நடன உடுப்பிலிருந்துதான். பரத உடுப்பில் முன்னால் ஒரு விசிறி மடிப்பு உண்டு. நிற்கும்போது ஒடுங்கிக் கிடக்கும், முழங்காலை மடித்து அரைமண்டியில் இருந்தால் விரியும். அதை ஏன் பின்னால் வைக்கக்கூடாது என்று ஒருநாள் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. பஞ்சைப் பாதியாகக் குறைத்து, வால்களை விசிறி மடிப்பில் கோத்து, இடுப்பருகே ஒரு நாடா விட்டேன். நாடாவை இழுத்தால் வால்கள் விரியும். விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே தடித்த வாலாகத் தொங்கும். ரயிலிலும் போகலாம்.

இரண்டாவது தடவை அவள் தன் அம்மாவோடு வந்தாள். அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கராஜ் வாசலைத் தாண்டி உள்ளே வர அவருக்கு மனமில்லை. மகளிடம் சீனத்தில் ஏதோ கடுமையாகச் சொன்னார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்கள் பேச்சில் ஒரு பெண்ணை நரி என்றால் கெட்ட வார்த்தை, அன்ரி. அடுத்தவள் புருஷனைப் பிடிக்கிறவள் என்று அர்த்தம். ஊரெல்லாம் படம் எடுக்கும், உறவுக்காரர் பார்ப்பார்கள் என்கிறார்."

அவள் பெல்ட்டைக் கட்டி நாடாவை இழுத்தாள். வால்கள் சரக்கென்று விரிந்தன. அம்மா உள்ளே வந்தார். சுற்றி வந்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஒரே வார்த்தை சொன்னார்.

"ஏழு."

பாரம் தாங்காதே என்று ஏழோடு நிறுத்தியிருந்தேன். விரிந்து நிற்கும்போது யார் எண்ணப் போகிறார்கள் என்ற நினைப்பு. உண்மையைச் சொன்னேன்.

"நரி வேண்டாம் என்றுதான் சொன்னேன்," என்றார் அவர். "ஆனால் நரி என்றால் ஒன்பது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாலைப் புரட்டித் தையலைப் பார்த்தார். சிட்னிக்கு வந்த புதிதில் அவர் உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். என் ஊசிப்பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, தையலுக்குள் அகப்பட்ட மயிர்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டார். தையல் இருந்த இடமே தெரியவில்லை. இத்தனை நாளும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் வந்தார். நான் வெட்ட, அவர் கையால் தைக்க, எட்டாவதும் ஒன்பதாவதும் முடிந்தன. எங்களுக்குப் பொதுவாக இருந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். துணியைத் தூக்கிக் காட்டினால் மற்றவருக்கு விளங்கிவிடும்.

விழாவன்று இவரும் சேர்த்து நாலு பேரும் ரயிலில் போனோம். லிட்கத்தில் இறங்கி ஒலிம்பிக் பார்க் ரயிலுக்கு மாறியபோது நான் கண்டதை இன்னும் மறக்கவில்லை. பிளாட்பாரம் முழுக்க கொம்பும் செதிலும் இறக்கையும். அட்டையில் செய்த தன் மிருகத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் சான்ட்விச் சாப்பிட்டார். சீனப் பிள்ளைகள் மட்டுமில்லை, எல்லா நாட்டவரும் இருந்தார்கள். பாதிப் பேரின் வேஷம் இவருக்குத் தெரிந்திருந்தது. "இது மழை கொண்டுவாறது," "இது நெருப்புக்குக் காவல்," என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் அவள் நாடாவை இழுத்தபோது சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். படம் எடுக்க வரிசை கூடியது. அவளுடைய அம்மா ஓரமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் விரல்விட்டு ஒன்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் என் காஞ்சிபுரச் சேலையைப் பார்த்து, நான் எந்த மிருகம் என்று மரியாதையாகக் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"இவர் வால் தைக்கிறவர்," என்று என் தோளில் கை வைத்தார்.

பரிசு கிடைக்கவில்லை. ஆறு கால் வைத்து நடந்து வந்த ஒருவருக்கு அது போயிற்று. அவளுக்கு அதில் கவலையே இல்லை. அம்மா மட்டும் வழி முழுக்க நடுவர்களைச் சீனத்தில் திட்டிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை இரண்டு பேர் போன் எடுத்தார்கள். ஒருவர் மகளின் அரங்கேற்றத்துக்கு. மற்றவர் எங்கள் நரியின் படத்தைப் பார்த்து விசாரித்து வந்தவர். அவருக்கு ஒரு தலையும் பத்து உடலும் உள்ள மீன் வேண்டுமாம். இவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம், இருக்குது. திண்டால் கட்டி, பரு வராதாம்."

நான் பழைய செய்தித்தாளை வெட்டுமேசையில் விரித்து, முதல் உடலை வரையத் தொடங்கினேன்.