கொக்கி விரிந்த நாள்

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருந்தேன். ஒரு நாள் கிரேனில் தூக்கிப் பார்க்கும் டிரையலின்போது, நான் வரைந்து கொடுத்த கொக்கி வெல்டு விட்டுப்போய், இரண்டு டன் கியர்பாக்ஸ் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற ஃபிட்டர் மகாதேவாவுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் போயின.

குறுக்கே ஒரு பைப் இருந்ததால், அதைச் சுற்றிப் போகும்படி 'ஸி' வடிவத்தில் அந்தக் கொக்கியை வரைந்திருந்தேன். மேலே கிரேன் பிடிக்கும் இடமும் கீழே பளு தொங்கும் இடமும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. நடுப் பிளேட் மட்டும் அந்தக் கோட்டிலிருந்து நூற்றைம்பது மில்லிமீட்டர் விலகி நின்றது.

வெல்டர் பழனிசாமி கௌதள்ளிக்காரர். வேலையைத் தொடங்கும் முன்பே டிராயிங்கோடு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், பிளேட்டு நடுவுல வெலகிப் போகுதுங்க. லோடு ஏத்துனா வாயைப் பொளந்துக்கும். அகலத்தைக் கூட்டிக்கலாமுங்களா?"

"ஸ்ட்ரெஸ் பதினாறுதான் வருது. இருநூத்தம்பது வரைக்கும் தாங்கும். நீங்க வெல்டிங்கைப் பாருங்க" என்றேன்.

பளுவைப் பிளேட்டின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்ததோடு நிறுத்தியிருந்தேன். விபத்து நடந்த மாலைதான் பெண்டிங்கை, அதாவது பளு பிளேட்டை வளைப்பதால் வரும் ஸ்ட்ரெஸ்ஸை, போட்டுப் பார்த்தேன். ஐம்பதுக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் பிளேட்டில், அந்த விலகலால் மட்டும் உள்விளிம்பில் இருநூற்று எண்பத்தெட்டு கூடியது. மொத்தம் முந்நூற்று நான்கு, பிளேட் தாங்கும் அளவுக்கு மேல். பிளேட் விரிந்த பிறகுதான் வெல்டு கிழிந்திருக்கிறது.

மறுநாள் அந்தக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் அதைப் படிக்கவில்லை.

"வெல்டிங் டிஃபெக்ட்னு ரிப்போர்ட் போயாச்சு. கஸ்டமரும் ஒத்துக்கிட்டாங்க. இதை நோண்டாதீங்க மேடம்."

நான் நோண்டவில்லை. விசாரணையிலும் அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்லவில்லை. மறுவாரம் பழனிசாமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது என் கேபின் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடம் கழித்து, அந்தக் கம்பெனியை விட்ட பிறகு, கொள்ளேகாலில் பஸ் மாறி கௌதள்ளிக்குப் போனேன். பழனிசாமி ஜன்னல் கிரில் செய்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனி எதிலும் அதன்பிறகு அவரை எடுக்கவில்லையாம். கணக்கைக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் தாளை வாங்கவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. வெரிஞ்ச பிளேட்டைப் பாத்தேனே. விசாரணையில நீங்க சொல்லிருவீங்கன்னு நின்னுட்டிருந்தேன்."

மகாதேவாவுக்கும், பழைய கம்பெனிக்கும் உண்மையை எழுதி அனுப்பினேன். கடிதம் கிடைத்ததும் மகாதேவா போன் செய்து, எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

இப்போது நான் இருக்கும் கம்பெனியில் புதிதாக வரும் இன்ஜினியர்களுக்கு இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுகிறேன். பளு பிளேட்டின் நடுவில் செல்லாவிட்டால் பெண்டிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் கற்றது வேறு. கணக்கில் தவறியது என் கவனக்குறைவு. தெரிந்த பிறகும் வாய் திறக்காதது நானாக எடுத்த முடிவு. பழனிசாமியின் வேலை போனது அந்த முடிவால்தான்.