அப்பா சொன்ன கோவர்கழுதை

திருவனந்தபுரத்தில் நான் கோவேறு கழுதையைக் கண்ணால் பார்த்ததில்லை. கரமனையில் எங்கள் தெருவில் மாடுகள் உண்டு, நாய்கள் ஏராளம். சாதாரணக் கழுதையே அபூர்வம். இருந்தும் எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மிருகம் என் மண்டைக்குள் உதைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓட்டிவிட்டவர் அப்பா.

நான் அப்போது ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வீட்டில் சொன்னேன். அவர் மலையாளி, வேறு ஜாதி. அம்மா அழுதாள். அப்பா அழவில்லை, கத்தவுமில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நீ என்ன வேணும்னாலும் பறஞ்சுக்கோ. பொறக்கப்போற குழந்தைகள் ஒக்கெ கோவர்கழுதையாக்கும்."

என்னை நாலு அடி அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். இன்னும் பிறக்காத குழந்தைகளைப் போய், குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கலப்பு மிருகம் என்று சொல்வார்களா? உடம்பெல்லாம் எரிந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனேன். அன்று அடித்த தாளில் எல்லாம் தப்புக்கு மேல் தப்பு.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம் சொன்னேன். சிரித்தார். "கழுதையானாலும் நம்முடெ கழுதையல்லே?" என்றார். அவருக்கென்ன, அவர் வீட்டில் யாரும் மிருகத்தின் பேரை எடுக்கவில்லை.

அப்பாவை அந்த வார்த்தையை வைத்தே மடக்குவது என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு லைப்ரரிக்கு ஓடினேன். ஒரு பக்கத்தில் நிலைக்காமல் அகராதி மாற்றி அகராதி புரட்டினேன். ஆங்கிலத்தில் 'ம்யூல்'; பிடிவாதக்காரருக்கும் அதே சொல்தான், குதிகால் மூடாத செருப்புக்கும் அதே சொல்தான். என் காலில் கிடந்ததும் அந்தமாதிரிச் செருப்பு, என்னிடம் பிடிவாதத்துக்கும் குறைவில்லை. தமிழ்ப் பக்கம் வந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. கோ ஏறும் கழுதை, அதாவது ராஜா ஏறுவது என்று பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியோ தப்போ, எனக்குச் சௌகரியமாக இருந்தது. பழைய பெயர் அத்திரி. சங்க காலத்துக் கடற்கரைத் தலைவன் அதில்தான் காதலியைப் பார்க்க வருவானாம். வேசரி என்று இன்னொரு பெயர். வடக்கும் தெற்கும் கலந்த கோயில் கட்டுமானத்தை வேசரம் என்பது அதிலிருந்து வந்ததுதான் என்று ஒரு கட்சி. கலந்து கோயில் கட்டலாம், நான் குடும்பம் நடத்தக் கூடாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அப்பா முன்னால் நின்று மூச்சுவிடாமல் கொட்டினேன். கையில் வைத்திருந்த கடைசி வெடியையும் போட்டேன்.

"நீங்கோ சொன்ன கோவர்கழுதை மலையாளமாக்கும். தமிழ்ல கோவேறு கழுதை. திட்டறதைக்கூடக் கலந்துதானே திட்டறேள்? நான் கலந்தா மட்டும் என்ன?"

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செரியாக்கும். நானே பாதி அந்தப் பக்கம் போயாச்சு. எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது, வாயிலே மட்டுந்தான் இருக்கு. அதுனாலதானே உன்னைத் தமிழ் கிளாஸ்ல சேர்த்தேன். அதையும் நீ கொண்டு போயிட்டா இந்த ஆத்துல என்னடி மிச்சம்?"

கோபம் போய்ப் பயம் வந்தது. அப்பாவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. அப்பா வரமாட்டார் என்றே இருந்தேன். வந்தார். மாமியார் அவரிடம் மரியாதையாக மலையாளத்தில் பேசினார், வழி எப்படி இருந்தது, உடம்பு எப்படி என்று. ஆயுள் பூராவும் மலையாளிகளிடம் ஜவுளி விற்ற அப்பா, ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பதில் சொன்னார். ஒரு மலையாள வார்த்தைகூடக் கலக்காத தமிழ். சொல் கிடைக்காத இடத்தில் நின்று, யோசித்து, தடுமாறித் தடுமாறிப் பேசினார். அப்படி அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மாமியார் புரியாமல் என்னைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக இருவருக்கும் நடுவில் நின்று, அப்பா சொன்னதையெல்லாம் நான் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.